ஐந்து மூலை மூடி

நான் கணிதம் படிப்பித்தவன். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு வரப்போகும் வெட்கக்கேடு விளங்குவதற்கு அது தேவை. முப்பது வருடத்துக்கு மேல் கரும்பலகையில் முக்கோணம் கீறிய கை இது. ஊரில் காணி எல்லைச் சண்டை வந்தாலும், கூரைக்கு எத்தனை ஓடு என்ற கேள்வி வந்தாலும், மாஸ்டரைக் கேளுங்கோ என்பார்கள். அந்தப் பெருமை எனக்குள் கொஞ்சம் அதிகமாகவே ஊறிப்போய்விட்டது என்று என் மனைவி சொல்வாள். அவள் சொன்னால் பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும்.

எங்கள் வீடு பண்டத்தரிப்பில். குசினியின் பின்கதவைத் திறந்தால் சீமெந்து போட்ட சின்ன வெளி. அதன் மறுகரையில் குளியலறை. பத்துப் பன்னிரண்டு காலடி தூரம்தான். வலப்பக்கம் கிணற்றுக் கட்டு, இடப்பக்கம் வாழைப்பாத்தி, நடுவில் ஒடுக்கமான பாதை. அந்தப் பாதையின் நட்டநடுவில் கழிவுநீர்க் குழி. குசினியில் பாத்திரம் கழுவுகிற தண்ணீரும் குளிக்கிற தண்ணீரும் அதற்குள் விழும். மண்ணும் எண்ணெயும் அடியில் தங்க, மிச்சம் வாழைக்குப் போகும். மாதம் ஒருமுறை மூடியைத் திறந்து அள்ளாவிட்டால் வீடு நாறும்.

மூடி என்றது ஒரு கொங்கிறீற் பலகையை. அது குழியின் வாய்க்குள் இறங்கியிருக்காது. வாயைவிடப் பெரிதாக, தரைக்கு மேலே இரண்டு அங்குலம் உயர்ந்து நிற்கும். ஒரு பக்கம் மிதித்தால் மறுபக்கம் டக்கென்று எழும். இருபது வருடம் அதைத் தாண்டித் தாண்டி நடந்தோம். கால் நன்றாக இருக்கிறவர்களுக்கு இரண்டு அங்குலம் ஒரு கணக்கா?

மனைவிக்குப் பாரிசவாதம் வந்து இடக்கால் சோர்ந்துபோன பிறகுதான் அது கணக்கானது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்து மூன்று மாதத்தில், முன்னால் இரண்டு சில்லு பூட்டிய வோக்கரைப் பிடித்துக்கொண்டு வீடு முழுக்க நடந்தாள். நான் பயந்துகொண்டு பின்னால் போனால் திரும்பி முறைப்பாள். ஒருநாள் காலை துவாயும் தோளுமாகக் குளியலறைக்குப் போகும்போது சில்லு பலகையின் விளிம்பில் முட்டியது. தூக்கி மேலே வைத்தாள். பலகை சரிந்தது. நான் ஓடிப் போகமுன் விழுந்துவிட்டாள். மணிக்கட்டு எலும்பு வெடித்திருந்தது.

கை பொருந்திவிட்டது. ஆனால் அன்றிலிருந்து அவளைக் குளிக்கக் கூட்டிப்போவது நான்தான். ஒரு கையால் அவளையும் மறு கையால் வோக்கரையும் பிடித்து அந்தப் பலகையைத் தாண்டுவேன். பிறகு கதவைப் பாதி திறந்து வைத்துக்கொண்டு, முகத்தை வாழைப்பக்கம் திருப்பி நிற்பேன். நாற்பது வருடம் ஒன்றாக வாழ்ந்தவர்களுக்கு இதில் என்ன வெட்கம் என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டேன். முன்பெல்லாம் குளிக்கப் போனால் அரை மணித்தியாலத்துக்கு வெளியே வராதவள், இரண்டு வாளி ஊற்றிக் காக்கைக் குளிப்புக் குளித்துவிட்டுக் காணும் என்பாள். ஒருநாள் தலையைத் துவட்டிக்கொண்டே, என் முகத்தைப் பாராமல் சொன்னாள்.

"நடக்க ஏலாது எண்டதைக்கூடத் தாங்குவன். ஒரு கதவைப் பூட்டிக்கொண்டு தனிய நிக்க ஏலாது எண்டதைத்தான் தாங்க ஏலாமல் கிடக்கு."

கனடாவில் இருக்கும் மகள் படுக்கையறையோடு ஒரு குளியலறை கட்டச் சொன்னாள். மனைவி ஒரேயடியாக மறுத்துவிட்டாள். அறைக்குள்ளேயே எல்லாம் வந்துவிட்டால் பிறகு தான் கட்டிலை விட்டே இறங்கப்போவதில்லை என்றாள். அவளுக்குத் தன்னைத் தெரியும்.

ஒருமுறை யாழ்ப்பாணத்தில் ஒரு மருத்துவமனையின் நடைபாதையில் உட்கார்ந்திருந்தபோது, மருந்து வண்டில் ஒன்று தரையில் இருந்த மூடிக்கு மேலால் சத்தமே இல்லாமல் உருண்டு போனதைக் கண்டேன். எழுந்து போய்க் குனிந்து பார்த்தேன். இரும்புச் சட்டம் ஒன்றைத் தரையோடு தரையாகப் பதித்திருந்தார்கள். அதற்குள் விளிம்பு வைத்த இரும்புத் தட்டம் இறங்கியிருந்தது. தட்டத்துக்குள் தரைக்குப் போட்ட கல்லையே வெட்டிப் பதித்திருந்தார்கள். மெல்லிய கோடு ஒன்று மட்டும் தெரிந்தது. அங்கே நின்ற தாதி, ஏதேனும் விழுந்துவிட்டதா ஐயா என்று கேட்டார். இல்லை, கிடைத்துவிட்டது என்றேன்.

கடையில் இந்தத் தட்டங்கள் ஆயத்தமாக விற்கின்றன. ஆனால் இரண்டு மூன்று அளவில்தான், அதுவும் சதுரமும் நீள்சதுரமும். எங்கள் குழியின் வாய்க்கு ஐந்து மூலை. நீள்சதுரம் ஒன்றின் ஒரு மூலையைச் சரிவாக அரிந்தால் எப்படியோ, அப்படி. சரி, செய்வித்தால் போயிற்று என்று அளவு நாடாவை எடுத்துக்கொண்டு குந்தினேன். நான்கு பக்கத்தை அளந்தேன். சரிந்த ஐந்தாவது பக்கத்தை அளக்கவில்லை. ஏன் அளக்க வேண்டும்? செங்கோண முக்கோணத்தில் இரண்டு பக்கம் தெரிந்தால் மூன்றாவது தானாக வராதா? கணித்து எழுதினேன். பென்சிலால் அழகாகப் படம் கீறி, அம்புக்குறி போட்டு, அளவெல்லாம் எழுதி, சந்தியில் இரும்பு ஒட்டுவேலைக் கடை வைத்திருக்கும் என் பழைய மாணவரிடம் கொடுத்தேன். அவர் வீட்டுக்கே வந்து குழியையும் ஒருமுறை பார்த்துவிட்டுப் போனார். படத்தைப் பத்திரமாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார்.

சட்டமும் தட்டமும் வந்தன. வேலையில் ஒரு குறை சொல்ல முடியாது. குழியில் வைத்தால் இரண்டு மூலை இறங்கியது, மூன்று மூலை இறங்கவில்லை. திருப்பி வைத்தோம். தட்டினோம். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. அளவைப் பார்க்காமல் வெட்டிவிட்டதாக அந்த மனுசனை ஏசினேன். அவர் படத்தை எடுத்து விரித்தார். அதில் இருந்ததுதான் இரும்பிலும் இருந்தது, ஒரு நூல்கூடப் பிசகவில்லை. பிறகு தலையைச் சொறிந்துகொண்டு மெல்லச் சொன்னார்.

"வந்து பாக்கேக்கையே கண்டனான் சேர், மூலையள் மட்டமில்லை எண்டு. ஆனால் நீங்கள் கீறித் தந்ததை நான் என்னண்டு பிழை எண்டு சொல்லுறது?"

எங்கள் ஊரில் மட்டும்தான் இப்படி நடக்கும். மாஸ்டரின் கணக்குப் பிழை என்று வாயால் சொல்வதைவிட, தெரிந்துகொண்டே நல்ல இரும்பைப் பிழையாக வெட்டுவது மரியாதை. அந்த மரியாதையை முப்பது வருடம் பிரம்போடு நின்று ஊட்டியவன் நான்தான். யாரைக் கோபிப்பது?

குசினி வாசலில் வோக்கரில் சாய்ந்தபடி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்த மனைவி, படித்தவன் பாட்டைக் கெடுத்தான், எழுதினவன் ஏட்டைக் கெடுத்தான் என்றாள். பிறகுதான் முக்கியமானதைச் சொன்னாள்.

"நீங்கள் மறந்துபோனியள். அண்டைக்கு மூடியைக் கீழை வைச்சுப்போட்டு, அதைச் சுத்தித்தானே கட்டினனீங்கள். லொறித் தகடு."

அப்போதுதான் நினைவு வந்தது. போர்க்காலம், இந்தப் பக்கம் சீமெந்து வராத நாட்கள். எங்கேயோ எரிந்துபோன லொறியொன்றின் பக்கத் தகடு ஒரு துண்டு கிடைத்தது, ஒரு மூலை சரிவாக அரிந்தபடி. இருந்த அரைப் பை சீமெந்தை இவள் குழைத்துத் தர, தகட்டை நிலத்தில் வைத்து, அதைச் சுற்றி நான் கல் அடுக்கினேன். உலகம் முழுக்கக் குழிக்கு மூடி செய்வார்கள். நாங்கள் மூடிக்குக் குழி செய்தோம். தகடு கறள் பிடித்து உதிர்ந்துபோய், அதன் இடத்துக்குக் கொங்கிறீற் பலகை வந்து பல வருடம். அதன் கோணல் மட்டும் குழியின் வாயில் அப்படியே நின்றது. வெடித்துப் பிய்ந்த லொறித் தகட்டில் செங்கோணம் இருக்கும் என்று நம்பி நான் கணக்குச் செய்திருக்கிறேன்.

அதற்குப் பிறகு ஒரு கிழமை நான் அந்தப் பேச்சே எடுக்கவில்லை. ரோசம். அந்த ஒரு கிழமையில் மனைவி எனக்குத் தெரியாமல் ஒரு வேலை செய்தாள். தேவாலயத்து வாசலுக்கு இரும்புக் கைப்பிடி செய்து கொடுத்த பெண்ணின் இலக்கத்தை யாரிடமோ கேட்டு வாங்கி, தானே தொலைபேசியில் கதைத்திருக்கிறாள். ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஸ்கூட்டி ஒன்று வந்து நிற்க, நான் வீடு மாறி வந்துவிட்டார்கள் என்று நினைத்தேன்.

குருநகர்ப் பெண். நாற்பது வயதிருக்கும். கழுத்தில் மாதா சுரூபம், கையில் நெருப்புப்பொறி சுட்ட பழைய தழும்புகள். வீட்டில் எல்லோரும் கடற்றொழில். வள்ளம் இழுக்கும் வண்டில், நங்கூரம், எஞ்சின் தாங்கும் சட்டம் எல்லாம் இவர்தான் ஒட்டுகிறாராம். நான் கையோடு என் படத்தை எடுத்துக்கொண்டு போனேன். இந்த முறை ஐந்தாவது பக்கத்தையும் அளந்து திருத்தியிருந்தேன். அவர் அதை வாங்கி, மரியாதையாக ஒருமுறை பார்த்து, என்னிடமே திருப்பித் தந்தார்.

"படம் உங்களிட்டையே இருக்கட்டும் மாஸ்டர். வள்ளத்திலை நேர்கோடு எண்டு ஒண்டும் கிடையாது. ஓட்டை என்ன சொல்லுதோ அதைத்தான் நாங்கள் கேக்கிறது."

முப்பது வருடத்தில் என் முகத்துக்கு நேரே யாரும் இப்படிச் சொன்னதில்லை. கோபம் வரப்பார்த்தது. ஆனால் அவர் என்னைப் பார்க்கவே இல்லை. மனைவியைப் பார்த்து, ரீச்சர், ஒருக்கா இதாலை நடந்து காட்டுவீங்களே என்று கேட்டுக்கொண்டிருந்தார். நான் வழக்கம்போல் கையைப் பிடிக்கப் போனேன். வேண்டாம் மாஸ்டர், நீங்கள் பிடிச்சால் சில்லு போற வழி தெரியாது என்று தடுத்துவிட்டு, தானே பலகையைத் தூக்கி ஓரமாக வைத்து, குழிமேல் ஒரு மரப் பலகையைப் போட்டு, பக்கத்தில் குந்திக்கொண்டார். மனைவி நடந்தாள். சில்லுகள் போன இடத்தை அவர் வெண்கட்டியால் கோடிட்டார். திரும்பி வரச் சொன்னார். திரும்பும்போது இடக்கால் சற்று வெளியே அரைவட்டம் போடுவதையும் கண்டு, அதையும் கோடிட்டார். பதினொரு மாதம் பக்கத்தில் நடந்த நான் அந்த அரைவட்டத்தைக் கண்டதில்லை.

பிறகு குழியின் வாயைச் சுரண்டித் துப்புரவாக்கி, குளிர்சாதனப் பெட்டி வந்த தடித்த மட்டையொன்றை அதன்மேல் விரித்தார். பெருவிரலால் விளிம்பு நீளத்துக்கு அழுத்திக்கொண்டு வந்து, கரித்துண்டால் தேய்த்தார். குழியின் வாய் கறுப்புக் கோடாக மட்டையில் எழும்பியது. மீன் வெட்டும் கத்தியால் அதை வெட்டி உள்ளே இறக்கி, முட்டிய இடத்தில் ஒரு மயிரளவு சீவி, மறுபடி இறக்கினார். மூன்றாம் தரம் மட்டை குழிக்குள் போய் அசையாமல் இருந்தது.

மனைவி வாசலில் நின்று சிரித்தாள். அவள் தையல் ரீச்சராக இருந்தவள். துணியில் கை வைக்கமுன் எத்தனை ஆயிரம் கடதாசிச் சட்டை வெட்டியிருப்பாள்! உடம்பு கோணல் என்றால் துணியைத்தானே வெட்ட வேண்டும், உடம்பையா வெட்டுவது என்றாள். இருவரும் மாறி மாறிக் கதைத்தார்கள். நான் நடுவில், அரிந்த மூலையை உடைத்துச் செங்கோணமாக்கிவிடலாமே என்று ஒரு யோசனை சொன்னேன். அந்தப் பெண் கையை முழங்கைவரை குழிக்குள் விட்டுத் தடவி, அந்த மூலைக்கு அடியால்தான் குசினிக் குழாய் வருகிறது, உடைத்தால் அதுவும் உடையும் என்றார். நான் கட்டிய குழி. குழாய் எங்கே வருகிறது என்று எனக்குத் தெரியாது. வாயை மூடிக்கொண்டு தேநீர் போடப் போனேன்.

மூன்று நாளில் சட்டமும் தட்டமும் ஸ்கூட்டியின் பின்னால் கட்டியபடி வந்தன. மட்டையின் மேல் இரும்பை வைத்து வளைத்து ஒட்டியிருந்தார். உளியால் குழியின் விளிம்பைக் கொத்தி, சட்டத்தை இறக்க, அது உட்கார்ந்தது. நான் சரிவு பார்க்கும் என் நீர்மட்டத்தைக் கொண்டுவந்து வைத்துப் பார்த்தேன். குமிழி நடுவில் இல்லை. விட்டேனா! பாருங்கோ, சரிவு என்றேன், கொஞ்சம் சந்தோசமாகவே. அவர் கிணற்றடியில் இருந்த செம்பில் தண்ணீர் எடுத்துத் தரையில் ஊற்றினார். தண்ணீர் சட்டத்தைத் தாண்டி, எங்கும் தேங்காமல், வாழைப்பாத்திக்கு நேரே ஓடியது. தரை சரிவு, அந்தச் சரிவிலேயே சட்டத்தையும் வைத்திருந்தார். குமிழியை நடுவில் கொண்டுவந்திருந்தால் ஒரு பக்கம் விளிம்பு எழும்பியிருக்கும், சில்லு மறுபடி முட்டியிருக்கும். நீர்மட்டத்தைக் கொண்டுபோய் அலுமாரிக்குள் வைத்தேன்.

தட்டத்தை ஒன்றரை அங்குல ஆழத்தில்தான் செய்திருந்தார். கூடினால் பாரம், மாஸ்டர் தூக்கமாட்டார் என்பது கணக்கு. தூக்குவேன் என்றேன். அவர் தூக்குவன் எண்டுதான் சொல்லுவார், நீ நம்பாதை பிள்ளை என்றாள் மனைவி. திறப்பதற்கு இரண்டு சிறு துளைகள். அவற்றில் முறுக்கித் தூக்க இரண்டு இரும்புக் கைப்பிடிகள். துளைகள் வெண்கட்டிக் கோடுகளுக்கு வெளியே இருந்தன. சில்லும் படாது, அரைவட்டம் போடும் காலும் படாது. சட்டத்தின் உள்விளிம்பில் வள்ள எஞ்சினுக்குப் போடும் கிறீஸைத் தடவினார், மணமும் வராது, கறளில் இறுகவும் மாட்டாது என்று. தட்டத்துக்குள் கொங்கிறீற்றை நிரப்பி, தரையோடு மட்டமாக இழுத்து, ஈரம் காயமுன் கூட்டுகிற தும்புத்தடியால் ஒரு இழுப்பு இழுத்தார். எங்கள் பழைய தரையின் அதே சொரசொரப்பு வந்தது. ஐந்து மூலை என்பதால் பின்னுக்குத் தொல்லை வருமா என்று கேட்டேன். இந்தமுறை உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டேன்.

"சதுரமெண்டால் திறந்துபோட்டு எந்தப் பக்கமும் திருப்பி வைப்பினம் மாஸ்டர். மாறி வைச்சால் ஆடும். இது ஒரு விதமாத்தான் இறங்கும். அதாலை ஒருநாளும் ஆடாது."

கோணலை ஒரு குறையென்று நினைத்து வெட்கப்பட்டவன் நான். அவர் அதையே பூட்டாக்கிவிட்டுப் போனார். படித்த மனிதர்கள், கைவேலைக்காரர்கள் என்று நிறையப் பேரோடு பழகியிருக்கிறேன். இவ்வளவு குறைவாகப் பேசி இவ்வளவு கூடுதலாகக் கவனித்த ஒருவரை நான் கண்டதில்லை.

ஏழு நாள் ஈரச் சாக்குப் போட்டு வைக்கச் சொல்லியிருந்தார். மூன்று வேளையும் தண்ணீர் தெளித்தேன். அந்த ஏழு நாளும் மனைவிக்கு அறைக்குள் வாளியும் துணியும்தான். அவள் முறைப்பாடு சொல்லவில்லை. ஒவ்வொரு காலையும் குசினி வாசல்வரை வந்து சாக்கைப் பார்த்துவிட்டுப் போவாள். பழைய மாணவரிடமும் ஒரு மாலை போய், பிழை என்னுடையது என்று சொல்லிவிட்டு வந்தேன். அவர் செய்த தட்டத்தில் இப்போது கோழிகளுக்குத் தண்ணீர் வைக்கிறேன். கோழிகள் கோணம் பார்ப்பதில்லை.

எட்டாம் நாள் காலை சாக்கை எடுத்தேன். துவாயைத் தோளில் போட்டுக்கொண்டு அவள் வந்தாள். நான் பழக்கத்தில் கையை நீட்டினேன். அவள் அந்தக் கையைப் பார்த்தாள். நான் கையை மடக்கிக்கொண்டேன்.

சில்லுகள் மூடியை நோக்கிப் போயின. டக்கென்ற சத்தத்துக்கு என் காது காத்திருந்தது. வரவில்லை. மூடி எங்கே தொடங்கியது, எங்கே முடிந்தது என்று தெரியாமல் சில்லுகள் மறுகரைக்குப் போயிருந்தன. இடக்கால் தன் அரைவட்டத்தைப் போட்டுக்கொண்டு பின்னால் போனது. அவள் குளியலறைக்குள் நுழைந்தாள். கதவைச் சாத்தினாள். உள்ளே கொண்டி விழும் சத்தம் கேட்டது. பதினொரு மாதத்துக்குப் பிறகு அந்தச் சத்தம். எனக்குக் கண் கலங்கியது, மறைக்கவில்லை, மறைக்க அங்கே யாரும் இல்லை.

உள்ளேயிருந்து குரல் வந்தது.

"அதிலை நிக்கிறது எனக்குத் தெரியும். போய்த் தேத்தண்ணியை வையுங்கோ."

போனேன். தண்ணீர் கொதித்தது, தேயிலைச் சாயம் வடித்துப் பால் விட்டேன், அவளுக்கு ஒரு கோப்பை, எனக்கு ஒரு கோப்பை. வாளி நிரம்பும் சத்தம் கேட்டது, பிறகு ஊற்றும் சத்தம், பிறகு நெடுநேரம் ஒன்றுமில்லை. கால் குசினி வாசல்வரை போனது. அங்கேயிருந்து மூடியைப் பார்த்தேன். ஈரத்தில் அதன் கோடுகூடத் தெரியவில்லை. இது அவளுடைய பழைய அரை மணித்தியாலம் என்று திரும்பி வந்து கதிரையில் உட்கார்ந்தேன்.

அவளுடைய தேநீர் ஆறி, மேலே ஆடை படர்ந்தது. நான் போய்ப் பார்க்கவில்லை.